ஒரே லேசர், வேறு வேறு நுனி: சுருண்ட சிரைக்குள் ஒளி எப்படி இறங்குகிறது

அம்மாவுக்கு இடது காலில் சுருண்ட சிரைக்கு, அதாவது வெரிகோஸ் வெயினுக்கு, லேசர் செய்து எட்டு வருடம் ஆகிறது. வலது காலில் செய்து மூன்று வருடம். இடது காலுக்குச் செய்தபோது தொடையின் உள்பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், இரண்டு வாரம் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தார். வலது காலுக்குச் செய்த மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "ரெண்டும் லேசருதானேடா? ரெண்டும் என் காலுதானே? அது மட்டும் ஏன் அப்படி வலிச்சுது, இது ஏன் ஒண்ணுமே பண்ணல?" என்று கேட்டார்.

நான் புதுச்சேரியில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை செய்கிறவன். லேசர் பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறேன், பெட்டியிலிருந்து ஒளியைச் சிரைக்குள் கொண்டுபோகும் கண்ணாடி இழைகளை, அதாவது ஃபைபர்களை, பயன்படுத்தி முடித்த பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அம்மாவின் கேள்விக்கு அன்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வரவில்லை. இப்போது வருகிறது: வித்தியாசம் பெட்டியில் இருந்ததைவிட, ஒளி வெளியே வந்த இடத்தில்தான் அதிகம் இருந்தது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை இன்னும் நீட்டி, ஃபைபரின் உடம்பு முழுவதிலும் ஒளி கசியும்படி செய்வதற்கு இப்போது நடக்கும் முயற்சிகளைப் பற்றியும்.

முதலில் கால். அம்மா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இட்லிக்கடை வைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே நான்கடி இடம். அங்கேயே நிற்பார், அதிகம் நடக்க மாட்டார். நடப்பதும் நிற்பதும் காலுக்கு ஒன்றல்ல. காலிலிருந்து இரத்தம் இதயத்துக்கு ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடந்தால் அது சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 80, 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். நல்ல காலில் நாலு எட்டு நடந்தால் அது 30-க்கு அருகில் இறங்கிவிடும். ஏறிய இரத்தம் திரும்ப இறங்காமல் இருக்கச் சிரைக்குள் வால்வுகள் உண்டு. வருடக்கணக்கில் அழுத்தம் விழுந்து சிரை விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாது. இரத்தம் கீழே வழியும். வழிந்தது தேங்கும், தேங்கியது சிரையை இன்னும் விரிக்கும். பரம்பரை, பிரசவம், வயது, உடல் எடை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் பக்கம் இதற்கு நரம்பு சுருட்டல் என்று பேர். தமிழில் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், மூளையிலிருந்து வருவதையும் நரம்பு என்கிறோம். இதனால் நேர்கிற சேதம் கொஞ்சநஞ்சம் இல்லை. நரம்பு என்றதும் சத்து ஊசி, நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை, எண்ணெய் தேய்ப்பது என்று மூன்று நான்கு வருடம் போய்விடும். அதற்குள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடத்தில் புண் வந்து, அந்தப் புண் ஆறாமல் நிற்கும். அம்மாவுக்கும் இடது காலில் தோல் கறுக்கும் வரை நாங்கள் எண்ணெய்தான் தேய்த்தோம். கெட்டுப்போனது இரத்தம் திரும்பும் குழாய், அதாவது சிரை. அதில் பெரும்பாலும் மாட்டுவது கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் நீளச் சிரை. இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அந்தச் சிரைக்குள் இரத்தம் அரை வினாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் வால்வு பழுது என்று கணக்கு.

தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்களுக்கு அது பெரிய விஷயம். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லாது. சொந்தக் கடையில் நிற்கிற என் அம்மாவைப் போன்றவர்களை எந்தச் சட்டமும் உட்கார வைக்காது.

சரி, சிகிச்சைக்கு வருவோம். பழுதான சிரையை மூடிவிட்டால் இரத்தம் ஆழத்தில் இருக்கும் நல்ல சிரைகள் வழியாகப் போய்க்கொள்ளும். அடிப்படை யோசனை இவ்வளவுதான். 1890-ல் ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் அந்தச் சிரையைத் தொடையில் கட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முழுசாக உருவி எடுக்கும் முறைகள் வந்தன. வேலை செய்தன, ஆனால் காயம் பெரிது. 1999-ல் ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் போனே சிரைக்குள்ளேயே லேசர் ஃபைபரை விட்டுச் சுட்டு மூடுவதைப் பற்றி அறிவித்தார். 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது. அன்றைய லேசரின் அலைநீளம் 810 நானோமீட்டர்.

அந்தத் தொடக்க கால ஃபைபர் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். நடுவில் தூய கண்ணாடித் தண்டு, வழக்கமாக 400 அல்லது 600 மைக்ரான் கனம். 600 என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்) கொஞ்சம் குறைந்த இன்னொரு கண்ணாடி உறை. உள்ளே போன ஒளி இந்த இரண்டின் எல்லையில் பட்டுப் பட்டு முழுசாகத் திரும்பி, வெளியே கசியாமல் நுனி வரை ஓடும். நம் பஞ்சாப் மாநிலம் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-ல் லண்டனில் தன் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தையே கடத்திக் காட்டினார். ஃபைபர் ஆப்டிக்ஸ் என்ற பெயரும் அவர் புழக்கத்துக்குக் கொண்டு வந்ததுதான். இழையின் பெருமையே ஒளியைக் கசியவிடாததில் இருக்கிறது. சிரைக்குள் போனதும் அந்தப் பெருமைதான் தொந்தரவாகிறது.

ஏனென்றால் ஒளி முழுவதும் நுனியிலிருந்து நேர் முன்னால் பாய்கிறது. நமக்கு வேண்டியது சிரையின் சுவர். சுவர் பக்கவாட்டில் இருக்கிறது, முன்னால் இருப்பது இரத்தம். நீளமான கூடத்தின் நடுவில் நின்று டார்ச் லைட் அடித்தால் வெளிச்சம் எதிர்க் கோடிக்குப் போகும், பக்கச் சுவர் இருட்டாகவே இருக்கும். அதே கதை. அப்புறம் சிரை எப்படிச் சுடப்பட்டது? இரத்தம் வழியாக. 810, 980 நானோமீட்டர் லேசர்களை இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. இரத்தம் கொதித்து நீராவிக் குமிழிகள் கிளம்பி, அந்த ஆவி சுவரில் பட்டுச் சூட்டைக் கொடுக்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கும். நுனியில் இரத்தம் கருகி ஒட்டிக்கொள்ளும். கரி எந்த ஒளியையும் விடாது, எல்லாவற்றையும் உறிஞ்சும். அதோடு அந்த நுனி ஒரு பழுக்கக் காய்ச்சிய கம்பி. அங்கே 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். அது சுவரில் எந்த இடத்தில் உரசுகிறதோ அங்கே ஓட்டை விழும். ஓட்டை வழியே இரத்தம் வெளியே கசிந்தால் தொடை கன்றிப்போகும்.

பயன்படுத்தி முடித்த அப்படியொரு நுனியை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது ஃபைபரின் நுனி கண்ணாடி வளையல் துண்டைப் போலத் தட்டையாக, பளபளவென்று இருக்கும். இது தீக்குச்சி எரிந்து முடிந்த தலையைப் போல இருந்தது. ஓரம் உருகி வட்டம் கோணலாகியிருந்தது. கண்ணாடியை உருக்குகிற சூடு ஒரு மனுஷியின் தொடைக்குள் அரை மில்லிமீட்டர் இடத்தில் இருந்திருக்கிறது. அம்மாவின் இடது காலுக்குச் செய்தது இந்த வகைத் திறந்த நுனி ஃபைபர், 980 நானோமீட்டர் லேசர்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 600 மைக்ரான் நுனியின் பரப்பு சுமார் 0.28 சதுர மில்லிமீட்டர். 10 வாட் ஒளி அதன் வழியே வந்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 35 வாட். நல்ல உச்சி வெயில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.001 வாட் தருகிறது. சித்திரை வெயிலைப் போல 35,000 மடங்கு, ஒரு குண்டூசித் தலைக்குள்.

மருத்துவர்கள் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் சிரைக்கு எத்தனை ஜூல் ஆற்றல் கொடுத்தோம் என்பது. தோராயமாக 60 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் லேசர் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 6 வினாடி, அதாவது வினாடிக்கு 1.7 மில்லிமீட்டர் வேகத்தில் ஃபைபரைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் சிரைக்கு நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் கை ஒரே சீராக இழுக்க வேண்டும். இப்போது கை இரண்டு வினாடி தயங்கி நின்றுவிட்டது என்று வையுங்கள். 6 ஜூல் விழ வேண்டிய ஒரு மில்லிமீட்டர் இடத்தில் கூடுதலாக 20 ஜூல் விழும். மொத்தம் 26. நான்கு மடங்குக்கு மேல். கை வேகமாக நகர்ந்த இடத்தில் சூடு போதாமல் சிரை பிறகு திறந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இந்தக் கணக்கு எதிர்காலத்தில் வரப்போகிற ஃபைபர்களுக்கும் முக்கியம் என்பதால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறையை இரண்டு வழியில் சரிசெய்தார்கள். ஒன்று, அலைநீளத்தை மாற்றினார்கள். 1470 நானோமீட்டர் ஒளியை இரத்தத்தின் சிவப்பைவிட நீர்தான் மிக நன்றாகப் பிடிக்கிறது. 980-ஐ நீர் பிடிப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக. சிரைச் சுவரில் பெரும்பகுதி நீர். ஆகவே ஒளி சுவரிலேயே நின்றுவிடும், அதைத் தாண்டி வெளியே தொடைச் சதைக்குள் அவ்வளவாகப் போகாது. இப்போது 1940 நானோமீட்டர் லேசர்களும் வந்திருக்கின்றன, அவற்றை நீர் இன்னும் வலுவாகப் பிடிக்கும்.

இரண்டாவது, நுனியை மாற்றினார்கள். கண்ணாடித் தண்டின் முனையைப் பென்சில் சீவுவது போலக் கூம்பாகச் சீவி, அதன்மேல் ஒரு குவார்ட்ஸ் தொப்பியை உருக்கி ஒட்டினார்கள். கூம்புக்கும் தொப்பிக்கும் நடுவே காற்று இருக்கும். அந்தக் காற்று இருப்பதால்தான் ஒளி கூம்பின் சரிவில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் ஒரு வளையமாக வெளியே வருகிறது. தொப்பி விரிசல் விட்டு இரத்தம் உள்ளே புகுந்தால் அந்தத் திருப்பம் நின்றுபோகும். ரேடியல் ஃபைபர் என்று சொல்வது இதைத்தான். இரண்டு வளையமாக ஒளி விடுகிற வகையும் உண்டு.

அம்மாவின் வலது காலுக்குச் செய்தது 1470 நானோமீட்டரும் ரேடியல் நுனியும். தெரிந்த மருத்துவர் என்பதால் என்னை உள்ளே நிற்க விட்டார். எல்லாரும் பச்சை கலந்த கண்ணாடி போட்டிருந்தோம். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்று எண் அச்சிட்டிருக்கும். வேலைப் பழக்கத்தில் எல்லார் கண்ணாடியையும் நான் ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். 1470 கண்ணுக்குத் தெரியாது. நுனி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகச் சிவப்பு வழிகாட்டி ஒளி ஒன்றைக் கூடவே அனுப்புவார்கள். விளக்கை அணைத்ததும் அம்மாவின் தொடையில், தோலுக்கு அடியில், மங்கலான சிவப்பு வெளிச்சம் மேலிருந்து முழங்காலை நோக்கி மெல்ல இறங்கியது. கையில் டார்ச்சைப் பொத்திக்கொண்டால் விரலெல்லாம் சிவக்குமே, அந்தச் சிவப்பு. அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். "என்னடா, கால்ல லைட்டு எரியுதா?" என்றார்.

சுடுவதற்கு முன் சிரையைச் சுற்றி ஊசியால் நிறைய உப்புநீர் ஏற்றினார்கள். மரத்துப்போகும் மருந்தை அதில் நீர்க்கக் கலந்திருப்பார்கள். அதற்கு மூன்று வேலை. வலி தெரியாமல் செய்யும். சிரையை வெளியிலிருந்து அழுத்தி ஃபைபரோடு ஒட்ட வைக்கும். பக்கத்துச் சதைக்கும் நரம்புக்கும் சூடு போகாமல் நடுவில் மெத்தை போல நிற்கும். லேசரைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. அது சரியாக ஏறவில்லை என்றால் எவ்வளவு நல்ல ஃபைபரும் வீண் என்பது என் எண்ணம்.

2010-ல் துருக்கி மருத்துவர்கள் இந்த இரண்டு சேர்க்கைகளையும், அதாவது 980-ம் திறந்த நுனியும் ஒரு பக்கம், 1470-ம் ரேடியல் நுனியும் மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார்கள். சிரை மூடிக்கொள்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. வலியும் கன்றலும் ரேடியல் பக்கம் குறைவாக இருந்தன. என் வீட்டில் கண்டதும் அதுதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. அம்மா விஷயத்திலும் அப்படியே. மருத்துவரின் கையும் வேறு, ஏற்றிய தண்ணீரின் அளவும் வேறாக இருந்திருக்கலாம்.

இனி ஒளி பரப்பும் ஃபைபர். ரேடியல் நுனி ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. ஆனால் இன்னமும் அது ஒரு மெல்லிய வளையம்தான். கை நின்றால் வளையத்துக்கு நேரே இருக்கிற இடம் கூடுதலாகச் சுடும். வளையத்துக்குப் பதிலாக மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் தண்டின் உடம்பெங்கும் ஒளி வழிந்தால் என்ன? டார்ச்சுக்குப் பதில் டியூப் லைட். இதுதான் யோசனை.

முன்பு போட்ட கணக்கை இப்போது திரும்பப் போடுவோம். அதே 10 வாட், 600 மைக்ரான் தண்டு, 30 மில்லிமீட்டர் நீளம். வெளிப்புறப் பரப்பு சுமார் 56 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 35 வாட்டாக இருந்தது 0.18 வாட்டாக இறங்குகிறது. 200 மடங்கு குறைவு. கண்ணாடி உருகாது, கரி பிடிக்கும் வாய்ப்பும் குறைகிறது. தேவையான ஆற்றல் மாறவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு 60 ஜூல் என்றால் மூன்று சென்டிமீட்டருக்கு 180 ஜூல், 18 வினாடி ஒரே இடத்தில் வைத்திருந்து, பிறகு மூன்று சென்டிமீட்டர் தள்ளி மறுபடி 18 வினாடி. 40 சென்டிமீட்டர் சிரைக்கு மொத்த நேரம் அதே நான்கு நிமிடம்தான். ஆனால் கை இரண்டு வினாடி தயங்கினால்? அதே 20 ஜூல் 30 மில்லிமீட்டருக்குப் பங்காகும். 6 ஜூல் விழ வேண்டிய மில்லிமீட்டரில் 6.7 விழும். அவ்வளவே. எனக்கு இந்த ஃபைபர் பிடித்துப்போனதற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான். நோயாளியின் தொடை மருத்துவரின் கை நடுக்கத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

வேறு வழியில் இதே யோசனை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. லேசர் இல்லாமல் ரேடியோ அலையால் சூடேறும் வடிகுழாய்கள், 7 சென்டிமீட்டர் நீளத்தை 120 டிகிரியில் 20 வினாடி சூடாக்கி, அப்படியே கட்டம் கட்டமாக இறங்கும். லேசர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்பட நியாயம் உண்டு.

ஒளியை எப்படிக் கசியவிடுவது? வெளி உறையை உரித்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உரித்தாலும் கசியாது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.45-ஐ ஒட்டி இருக்கிறது, நீரின் எண் 1.33, இரத்தத்தினுடையது அதைவிடச் சற்றுதான் கூடுதல். சுற்றி இருப்பது கண்ணாடியைவிடக் குறைவான எண்ணாக இருக்கும் வரை ஒளி உள்ளேயே திரும்பும். இரத்தமே நல்ல உறையாகிவிடுகிறது. ஒளியைத் தடுமாற வைக்க வேண்டும், அப்போதுதான் அது வெளியேறும். சிதறடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இதைக் கடையில் வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பக்கவாட்டில் ஒரு லேசர் பேனா. தண்ணீருக்குள் கதிர் இருப்பதே பக்கத்திலிருந்து தெரியவில்லை, எதிர்ச் சுவரில் மட்டும் ஒரு புள்ளி. டீக்கு வைத்திருந்த பாலில் ஒரு சொட்டு விட்டேன். கதிர் ஒரு சிவப்புக் கோடாகத் தெரிந்தது. நாலைந்து சொட்டு விட்டதும் டம்ளரே சிவந்து எரிந்தது, சுவரில் இருந்த புள்ளி காணாமல் போனது. பாலில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள் ஒளியைத் திசை திருப்பிவிடுகின்றன. ஒளிச்சிதறல் என்றதும் நமக்கெல்லாம் சர் சி.வி. ராமன் நினைவு வரும். 1928-ல் அவர் கண்டது சிதறும்போது ஒளியின் நிறமே மாறுவதை. இங்கே நிறம் மாறாது, திசை மட்டும் மாறுகிறது.

ஃபைபரில் இந்தப் பால் சொட்டின் வேலையைச் செய்யச் சில வழிகள் இருக்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெள்ளைத் துகள்களைச் சிலிக்கோனில் கலந்து நுனியில் பூசுவது பழைய முறை. புற்றுநோய்க்கான ஒளி மருந்துச் சிகிச்சையில் இத்தகைய உருளை நுனிகள் பல காலமாக இருக்கின்றன. அங்கே ஆற்றல் குறைவு, இங்கே பத்து வாட். பிளாஸ்டிக் வகைப் பொருள்கள் இந்தச் சூட்டில் கெட்டுப்போகும். இன்னொரு முறை, கண்ணாடித் தண்டின் மேலேயே இன்னொரு லேசரால் நுண்ணிய பள்ளங்கள் செதுக்கி, அதைக் குவார்ட்ஸ் உறைக்குள் அடைப்பது. மூன்றாவது, கண்ணாடியை இழுக்கும்போதே உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களை விட்டுவைப்பது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 2014-ல் ஃபைப்ரன்ஸ் என்ற பெயரில் இப்படி உடம்பெல்லாம் ஒளிரும் கண்ணாடி இழையை அலங்கார வெளிச்சத்துக்காகக் கொண்டு வந்தது.

கசிய வைப்பது ஒரு வேலை. சீராகக் கசிய வைப்பது அதைவிடப் பெரிய வேலை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குச் சொட்டுநீர் போட்டவர்களைக் கேட்டால் இதை உடனே புரிந்துகொள்வார்கள். நீளமான குழாயில் ஒரே அளவு ஓட்டைகளைப் போட்டால் மோட்டாருக்குப் பக்கத்துப் பாத்தி சேறாகும், கடைசிப் பாத்தி காயும். ஒளியும் அப்படித்தான். ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் வருகிற ஒளியில் பாதி கசிகிறது என்று வைத்தால், 10 வாட்டில் முதல் சென்டிமீட்டருக்கு 5, அடுத்ததற்கு 2.5, மூன்றாவதுக்கு 1.25, மிச்சம் 1.25 வாட் நுனி வழியே வீணாக முன்னால் பாயும். முதல் இடம் கருகும், கடைசி இடம் மூடாது. மூன்றுக்கும் சமமாக வேண்டுமென்றால் முதலில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மிச்சத்தில் பாதி, கடைசியில் இருப்பது முழுவதும் கசிய வேண்டும். அதாவது செதுக்கும் பள்ளங்கள் முதலில் அரிதாகவும் போகப் போக நெருக்கமாகவும் இருக்க வேண்டும். மைக்ரான் கணக்கில் இதைச் செய்து, அடுத்த ஃபைபரிலும் அதேபோல வர வேண்டும்.

அதற்கப்புறம் உடையும் பயம். கண்ணாடி வெட்டுபவர் வைரத்தால் ஒரு கீறல் போட்டு லேசாகத் தட்டினால் கண்ணாடி அந்தக் கோட்டில் உடைகிறது. பள்ளம் செதுக்கிய தண்டு என்பது நூற்றுக்கணக்கான கீறல் போட்ட கண்ணாடி. அதை வளைந்து நெளிந்த சிரைக்குள் ஏற்ற வேண்டும். உள்ளே முறிந்தால் துண்டைத் தேடி எடுக்க வேண்டிவரும். உடையாமலிருக்கக் கனமான உறை போட்டால் மூன்று சென்டிமீட்டருக்கு வளையாத குச்சியாகிவிடும், நெளிந்த இடத்தில் நுழையாது.

எல்லா இடத்துக்கும் டியூப் லைட் பொருந்தாது என்பதும் உண்மை. தொடை இடுக்கில் இந்தச் சிரை ஆழச் சிரையோடு சேர்கிறது. அங்கிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் சுடத் தொடங்குவார்கள், ஆழச் சிரைக்குள் இரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. நீளமான ஒளி மூலம் என்றால் அதன் மேல் முனை எங்கே தொடங்குகிறது என்பது ஸ்கேனில் துல்லியமாகத் தெரிய வேண்டும். முழங்காலுக்குக் கீழே உணர்வு நரம்பு ஒன்று, இது நிஜ நரம்பு, சிரையை ஒட்டியே ஓடுகிறது. அங்கே நீளமாகச் சுட்டால் கால் மரத்துப்போகலாம். மேல் சிரையையும் ஆழச் சிரையையும் இணைக்கும் குட்டிச் சிரைகளுக்கும் சிறு நுனிதான் வேண்டும்.

ஆகவே கால் சிரைக்கான நீள ஒளி பரப்பும் ஃபைபர்கள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துப் பொருளாகவும் காப்புரிமைத் தாள்களாகவும்தான் இருக்கின்றன. இங்கே மருத்துவமனைகளில் நீங்கள் சந்திப்பது திறந்த நுனி அல்லது ரேடியல். இரண்டுக்கும் பலகையில் ஒரே வார்த்தை, லேசர். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிற நோயாளிகள் பெட்டியின் பெயரையும் விலையையும் கேட்கிறார்கள். அலைநீளம் என்ன, என்ன நுனி, ஃபைபர் புதிதா என்று கேட்டால் நல்ல மருத்துவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். ஒரு முறை மட்டும் பயன்படுத்த என்று ஃபைபரின் உறையிலேயே அச்சிட்டிருக்கும், அந்த உறையைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. ரேடியல் தொப்பியில் முடியளவு விரிசல் இருந்தாலும் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது டாப்ளர். போன மாதம் அம்மாவின் கடையில் பாத்திரம் கழுவுகிற அக்கா, காலில் பச்சைப் பச்சையாகச் சுருண்டிருப்பதைக் காட்டி, "தம்பி, எனக்கும் அந்த வளையம் வர்ற லேசரையே பண்ணச் சொல்லுப்பா" என்றார். புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் செய்த மருத்துவர் கெண்டைக்காலை அழுத்தி அழுத்தி விட்டு, திரையில் நீலமும் சிவப்பும் மாறுவதைப் பத்து நிமிடம் பார்த்தார். நீளச் சிரையின் வால்வுகள் நன்றாகவே மூடுகின்றன, கெட்டிருப்பது தோலுக்கு அடியில் இருக்கும் கிளைகள் மட்டும் என்றார். லேசர் வேண்டாம். அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்தார், தேவைப்பட்டால் பிறகு மருந்து ஊசி போட்டுக் கிளைகளை மூடலாம் என்றார். அக்கா இப்போது காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே காலுறையை மாட்டிக்கொண்டு வருகிறார். அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்.